மார்க்கத்தில் அளந்து சென்னையில் வெட்டிய சட்டை

நான் வேலையிலிருந்து நிற்கும் நாளில் ஒரு பிரியாவிடை வைத்தார்கள். கனடாவில் மார்க்கம் என்ற ஊரில், எங்கள் தையல் கடையில் இருந்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி இருந்தோம். பக்கத்து ஊரான பிறம்ரனில் பெட்டி எடுப்பிக்கிறவர்களும் சென்னையில் தைக்கிறவர்களும் சுவரில் மாட்டிய திரையில் இருந்தார்கள். ஒவ்வொருவராக என்னைப் பற்றிக் கதைத்தார்கள். கடைசியில் என்னைக் கதைக்கச் சொன்னார்கள். எழும்பினேன், கும்பிட்டேன், இருந்துவிட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது, புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை ஒன்று பின்னால் ஓடி வந்தது.

"அன்ரி, அளவு எழுதுற இடத்திலை எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு பெட்டி இருக்கே, இடம் வலம் எண்டு. அது உங்களாலைதான் வந்ததாம். ஏனெண்டு கேட்டால் ஒருத்தரும் சொல்லுகினமில்லை."

"அது பெரிய கதை பிள்ளை. எனக்குக் கதைக்க வராது."

"அப்ப எழுதித் தாங்கோ. நான் ரைப் பண்ணுறன். அடுத்த மாசம் போனாலை அளக்கிற முறை வருகுது. அதிலையும் அந்த ரெண்டு பெட்டியை வைக்கப்போகினமாம். எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும்தானே."

வீட்டுக்கு வந்து, அந்தக் கதைக்கு உரியவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். "என்ர பேரை மாத்திப்போட்டு எழுதுங்கோ அக்கா" என்றார். ஆகவே இங்கே அவருக்கு மலர் என்று பெயர் வைக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தையல் தெரியும். கனடாவுக்கு வந்த புதிதில் ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் பனிக்கால ஜக்கெற்றுகளுக்கு இழுத்து மூடும் சிப் பூட்டினேன். வருடக்கணக்காகச் சிப் மட்டும்தான். ஒரு ஜக்கெற்றை முழுதாகத் தைத்ததே இல்லை. அது மூடியபிறகு ஒரு கடையின் பின்னறையில் இருந்து ஆட்களின் காற்சட்டைக் கால்களை மடித்துத் தைத்தேன். அங்கேதான் வாசுகி ஒருநாள் தன் அம்மாவின் சாறிச் சட்டையைப் பிரித்துத் தைக்கக் கொண்டுவந்தார். அடுத்த கிழமை திரும்பி வந்து, தான் இப்படி ரவிக்கைச் சட்டை தைக்க ஒரு கடை தொடங்கப் போவதாகவும் அளவெடுக்க ஒரு ஆள் வேண்டும் என்றும் சொன்னார்.

வாசுகி சின்னப் பிள்ளையாக இங்கே வந்து படித்தவர். மார்க்கத்தில் ஒரு கொம்பியூட்டர் கம்பனியில் நல்ல வேலையில் இருந்தவர். அவருடைய திட்டம் இதுதான்: இங்கே அளவெடுப்பது, சென்னையில் வெட்டித் தைப்பது, பெட்டியில் போட்டு பிறம்ரனுக்கு எடுப்பிப்பது, இங்கே போட்டுப் பார்த்துக் கொடுப்பது. மூன்று இடத்து ஆட்களும் ஒரு அறையில் இருப்பதுபோல வேலை செய்யவேண்டும் என்பார்.

அதற்காகக் கொம்பியூட்டரில் ஒரு பலகை வைத்திருந்தார். எங்கள் எல்லோருக்கும் ஒரே பலகை. ஒவ்வொரு சட்டைக்கும் அதில் ஒரு கார்ட். நான் அளவையும், முன்னால், பக்கத்தால், பின்னால் என்று மூன்று படத்தையும் அந்தக் கார்டில் போட்டுவிட்டு, விரலால் பிடித்து "வெட்டு" என்ற வரிசைக்குத் தள்ளிவிடுவேன். பிறகு அது "வேலைப்பாடு", "தையல்", "பெட்டி" என்று போகும். நாங்கள் படுத்திருக்கும்போது சென்னையில் விடிந்திருக்கும். காலையில் வந்து பார்த்தால், நான் விட்ட இடத்தில் கார்ட் இருக்காது. தானாக எழும்பி நடந்து போனதுபோல அடுத்த வரிசையில் நிற்கும். எனக்கு அது கடைசிவரை அலுக்கவில்லை.

முதலில் அளவுப் பெட்டிகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. நான் தடுமாறுவதைக் கண்ட வாசுகி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாளில் பெயர்களை எடுத்துவிட்டு, ஒரு பெண்ணின் உருவம் கீறி, தோள், கைக்குழி, மார்பு என்று அம்புக்குறி போட்டு, அம்புக்குறியின் முனையில் பெட்டியை வைத்துவிட்டார். எல்லோருக்கும்தான் வைத்தார். எனக்காக என்று ஒருநாளும் சொன்னதில்லை.

காலையில் எல்லா இடமும் திரையில் சந்திப்போம். எங்களுக்குக் காலை, சென்னைக்கு மாலை. வாசுகி எப்போதும் சென்னை மாஸ்டரிடம் வானிலை கேட்டுத்தான் தொடங்குவார்.

"மாஸ்டர், அங்கை எப்பிடி?"

"ஃபேனுக்கே வேர்க்குதுங்க. உங்களுக்கு?"

"இஞ்ச கார்க் கதவு திறக்க முடியாமல் ஐஸ் பிடிச்சுப்போய்க் கிடக்கு."

பிறம்ரனில் இருந்து குகன் சொல்லுவார்: "மாஸ்டர், உங்கட வெயிலிலை கொஞ்சம் பெட்டிக்குள்ளை போட்டு அனுப்புங்கோ. நான் கஸ்ரம்ஸிலை கதைச்சு எடுக்கிறன்."

சிரித்து முடிந்ததும் கார்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறப்பார். முடிவு எடுத்ததை எல்லோருக்கும் தெரியும்படி அந்தக் கார்டிலேயே எழுதி, வாய்விட்டு வாசிப்பார். கடைசியில், வாய் திறக்காமல் இருந்தவர்களைப் பெயர் சொல்லிக் கேட்பார். "ரத்தினம் அன்ரி, உங்களுக்கு ஏதும் சொல்ல இருக்கோ?" கேட்டுவிட்டுப் பொறுத்து இருப்பார். மற்ற இடங்களில் கேட்பார்கள், பதில் வருவதற்குள் அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். இவர் அப்படியில்லை. நான் "இல்லைப் பிள்ளை" என்று சொல்லும்வரை இருப்பார். வருடக்கணக்காக நான் இல்லை என்றேன். வருடக்கணக்காக அவர் கேட்டார்.

அந்த நேரங்களில் நான் கமெராவுக்கு ஒதுங்கித்தான் இருப்பேன். நாகராஜ் மாஸ்டர் ஒருமுறை எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "அம்மா, நான் இத்தனை நாளா உங்க முழங்கைய மட்டும்தான் பாத்திருக்கேன். நேர்ல பாத்தா அடையாளம் தெரியணும்னா முழங்கையத்தான் காட்டணும் நீங்க."

மாஸ்டர்தான் அங்கே துணி வெட்டுகிறவர். அவரோடு எனக்கு ஒரு விளையாட்டுப்போல வேலை இருந்தது. கழுத்து எப்படி இறங்கவேண்டும் என்று எனக்கு வாயால் சொல்ல வராது. ஆகவே அவர் ஒரு படத்தைத் திரையில் விரிப்பார். நான் இங்கிருந்து விரலால் கீறுவேன், நீலக் கோடு. அவர் அங்கிருந்து கீறுவார், சிவப்புக் கோடு. ஒரே படத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். என் கோடு நடுங்கும். அவருடைய கோடு அதற்குமேல் வந்து வளைவை நேராக்கும். "இதானம்மா நெனச்சீங்க?" என்பார். அதுவாகத்தான் இருக்கும்.

பவித்ரா அவருக்குப் பக்கத்து மேசை. நான் போடும் அளவுகளைப் பார்த்து, அச்செடுத்து, மாஸ்டரின் கையில் கொடுக்கும் பிள்ளை. அதிகம் கதைக்காது. என்னைப்போல என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வேலையில் வாசுகி போட்ட ஒரு முறை இருந்தது. விழித்திருக்கிறவர் படுத்திருக்கிறவருக்காகக் காத்திருக்கக் கூடாது. சின்னச் சந்தேகம் என்றால் தங்கள் புத்திக்கு எட்டியபடி தீர்த்துவிட்டு வேலையை நடத்தவேண்டும். கேட்டுப் பதில் வரும்வரை வைத்திருந்தால் ஒவ்வொரு சின்ன விசயத்துக்கும் ஒரு நாள் போய்விடும். நல்ல முறைதான். அதில் ஒருமுறை இப்படி நடந்தது.

மலர் யூனியன்வில்லில் இருந்து வந்தார். மகளுக்குக் கலியாணம். நல்ல மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட சாறி. நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அளவெடுக்கும் அறைக்குள் போனதும், அவர் கதவைப் பூட்டினார். பிறகு திரைச்சீலையையும் இழுத்தார்.

"அக்கா, படம் எடுக்க வேணுமோ?"

"எல்லாருக்கும் எடுக்கிறது. சென்னைக்கு அனுப்ப."

"ஆர் ஆர் பார்ப்பினம்?"

நான் உண்மையைச் சொன்னேன். பலகையில் போட்டால் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். இங்கே, பிறம்ரனில், சென்னையில்.

அவர் கொஞ்ச நேரம் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மேற்சட்டையைக் கழற்றினார். இடப்பக்க மார்பை ஒப்பிரேசன் செய்து முழுதாக எடுத்திருந்தார்கள். இடக்கையும் கொஞ்சம் வீங்கியிருந்தது.

"உள்ளுக்கு வைக்கிற சாமான் தந்தவை அக்கா. கொஞ்ச நேரம் எண்டால் வைக்கலாம். கொதிக்கும். மணவறையிலை நெருப்புக்குப் பக்கத்திலை அவ்வளவு நேரமும் வச்சுக்கொண்டு நிக்க ஏலாது. அது இல்லாமலே வடிவா இருக்கிற மாதிரி ஒரு சட்டை தைக்கேலுமோ?"

"ஏலும்" என்றேன். எப்படி என்று எனக்கு அப்போது தெரியாது.

"வீட்டிலை இவருக்கும் மகளுக்கும்தான் தெரியும். சம்பந்தி வீட்டுக்குத் தெரியாது. ஊர்ச்சனத்துக்குத் தெரியாது. பாவம் பார்க்க வந்திடுவினம் அக்கா, கலியாணம் பார்க்க வந்தவை. சரிவராட்டில் நான் பின்னுக்கு இருக்கிறன். மணவறையிலை எனக்குப் பதிலா மச்சாளை நிப்பாட்டலாம்."

அதைச் சும்மா சொல்வதுபோலத்தான் சொன்னார். அளவெடுக்கும்போது அவருடைய நெஞ்சு அடித்தது என் விரலுக்குத் தெரிந்தது.

படம் எடுக்கவில்லை. குறிப்பிலும் ஒன்றும் எழுதவில்லை. எண்களை மட்டும் போட்டேன். தோளிலிருந்து மார்பு முனைவரை என்ற பெட்டியில் ஒரு எண், பக்கத்தில் ஒரு சாய்கோடு, பிறகு இன்னொரு எண். இடம் முதலில், வலம் பிறகு. மார்புக்கும் கைச்சுற்றுக்கும் அப்படியே. சந்தேகம் வந்தால் மாஸ்டர் கேட்பார், அப்போது தனியாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் இல்லாத கார்ட்டைப் பலகை விடாது. சிவப்பாக நிற்கும். வாசுகி வந்து கேட்டார்: "அன்ரி, படம் எடுக்க மறந்திட்டீங்களோ?"

"மறக்கேல்லைப் பிள்ளை. எடுக்கேல்லை."

என் முகத்தைப் பார்த்தார். "சரி" என்றார். தன்னுடைய அனுமதியைப் போட்டு, சிவப்போடேயே கார்ட்டை அடுத்த வரிசைக்குத் தள்ளிவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை.

வாசுகியே விட்டபிறகு சென்னையிலும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்டருக்கு விளங்கிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

பெட்டி வந்தது. கலியாணத்துக்கு இடையில் ஒரு கிழமைதான் இருந்தது. கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னத் தங்க மணி வைத்து, மிக நேர்த்தியான வேலைப்பாடு. மலர் உள்ளே கொண்டுபோய்ப் போட்டார். நான் திரைச்சீலைக்கு வெளியே நின்றேன். கொழுக்கி பூட்டி முடியும் நேரம் தாண்டியும் அவர் வெளியே வரவில்லை.

"மலர்?"

"ஓம் அக்கா. வாங்கோ."

இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தைத்திருந்தது. வலப்பக்கம் அச்சாக இருந்தது. இடப்பக்கம் ஒன்றுமில்லாமல் தொய்ந்து உள்ளே விழுந்து கிடந்தது. வீங்கிய கைக்கு நான் எடுத்த அளவில் இரண்டு கையையும் வெட்டியிருந்ததால் வலக்கைத் துணி தொளதொளவென்று நின்றது.

"பறவாயில்லை அக்கா. தலைப்பை விரிச்சுப் போட்டால் தெரியாது" என்றார்.

சாறித் தலைப்பு வலப்பக்கத்தை மூடிக்கொண்டு வந்துதான் இடத் தோளில் ஏறும். இடப்பக்கத்தால் நின்று பார்க்கிறவர்களுக்குச் சட்டை திறந்தே தெரியும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒவ்வொரு கொழுக்கியாகக் கழற்றினார். "மச்சாள் நல்லாத்தான் நிப்பா" என்றார்.

"இதை என்னட்டை விட்டிட்டுப் போங்கோ" என்றேன்.

சட்டையை மேசையில் விரித்து வைத்துவிட்டு இருந்தேன். பிரித்துத் தைக்க எனக்குத் தெரியும். ஆனால் கழுத்து வேலைப்பாடு குலையாமல் ஒரு பக்கத்தை மட்டும் எப்படிக் குறைப்பது என்பது வெட்டுகிறவருக்குத்தான் தெரியும். திருப்பி அனுப்ப நேரமில்லை. மாஸ்டரிடம் கேட்கவேண்டும். கேட்பதென்றால் ஏன் என்று சொல்லவேண்டும். அது என்னுடைய விசயமில்லை, மலருடையது. அன்று பின்னேரம் மலரைப் போனில் கூப்பிட்டேன்.

மாஸ்டரிடம் ஏன் என்று சொல்லவேண்டி இருக்கிறது என்றேன். அவர் சொன்னார்: "வேலை செய்யிற ஆக்களுக்குச் சொல்லுங்கோ அக்கா. பார்க்கிற ஆக்களுக்கு வேண்டாம்."

அடுத்த நாள் காலை வானிலை கதைத்தார்கள். சென்னையில் மழை, தெருவெல்லாம் வெள்ளம். கார்ட்டுகள் முடிந்தன. வாசுகி வழக்கம்போலக் கேட்டார்: "ரத்தினம் அன்ரி, உங்களுக்கு ஏதும் சொல்ல இருக்கோ?"

"இருக்கு" என்றேன்.

குகன் ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். நான் கதிரையை இழுத்துக் கமெராவுக்கு நேரே இருந்தேன். கதைக்க நினைத்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வாசுகி பொறுத்து இருந்தார். எப்போதும் இருப்பதுபோலத்தான் இருந்தார்.

"மலரின்ர சட்டை ரெண்டு பக்கமும் ஒரே அளவா வந்திருக்கு. நான் அப்பிடிப் போடேல்லை."

சென்னைப் பக்கத்தில் பவித்ரா எழும்பி நின்றது தெரிந்தது.

"ஆன்ட்டி, அது நான்தான். ரெண்டு நம்பர் இருந்துச்சு. நீங்க எப்பவும் அப்படித்தான் போடுவீங்க, மூச்சு இழுத்தா ஒண்ணு, விட்டா ஒண்ணுன்னு. அதான் பெருச வச்சிட்டு இன்னொண்ண அழிச்சிட்டேன். பெருசா இருந்தா பின்னாடி புடிச்சுக்கலாம்ல."

"எப்பவுமோ? எப்பவும் அழிக்கிறனீரோ?"

அந்தப் பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. "அப்பப்ப ஆன்ட்டி. நீங்க முப்பத்தாறுன்னு போட வேண்டிய எடத்துல அறுபத்திமூணுன்னு போட்டிருப்பீங்க. கைய கழுத்துப் பெட்டியில போட்டிருப்பீங்க. நானே மாத்திடுவேன். சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லல."

நான் தூங்கும்போது கார்ட் தானாக நடக்கிறது என்று நினைத்திருந்தேன். ஒரு பிள்ளை அதன் கையைப் பிடித்து நடத்தியிருக்கிறது. வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வெட்கம் போய் வேறு ஒன்று வந்தது. அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. என் தாய்கூட நான் விட்ட பிழையைச் சொல்லாமல் திருத்தியதில்லை.

"அழாதேயும் பிள்ளை" என்றேன். "அழுறதுக்கு நேரமில்லை. இதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதைச் சொல்ல வேணும்."

வாசுகி கேட்டார்: "எல்லாரும் இருக்கலாமோ அன்ரி, ஆக்கள் குறைய வேணுமோ?"

"குறைய."

"குகன், நீங்கள் போங்கோ. நானும் போறன். மாஸ்டர், பவித்ரா, உங்களுக்கு இண்டைக்கு வேற வேலை இல்லை. அன்ரி சொல்லுறதுதான் வேலை." சொல்லிவிட்டுத் திரையிலிருந்து மறைந்தார். கடையில் எனக்குப் பின்னால் இருந்த அறைதான் அவருடையது. கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

நான் மாஸ்டரைப் பார்த்துச் சொன்னேன்: "மலருக்கு இடப்பக்கம் ஒப்பிரேசன் செய்தது."

அதற்குமேல் ஒரு ஆம்பிளையிடம் எனக்குச் சொல்ல வராது. மாஸ்டரும் கேட்கவில்லை. எழும்பித் திரையை விட்டுப் போனார். வெறும் கதிரை மட்டும் தெரிந்தது. கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன். திரும்பி வரும்போது, சட்டை போட்டுப் பார்க்கும் துணிப்பொம்மையை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தார். மேசைக்கு முன்னால் நிறுத்தினார். கத்தரிக்கோலை எடுத்தார். பொம்மையின் இடப்பக்கத்து உறையை வெட்டித் திறந்து, உள்ளேயிருந்த பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினார்.

"இவ்ளோவாம்மா?"

"இன்னும்."

பிடுங்கினார். "இப்போ?"

"இன்னும் கொஞ்சம்."

கையை வைத்துத் தட்டையாக்கி, உறையை இழுத்து ஊசி குத்தினார். "எங்க நிறுத்தணும்னு மட்டும் சொல்லுங்கம்மா. மத்தது நான் பாத்துக்கறேன்."

"அவ்வளவுதான். அதுதான் அளவு."

பொம்மையைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். "ஃபோட்டோ இல்லேன்னதும் நானே உங்களக் கேட்டிருக்கணும்" என்றார். பிறகு பவித்ராவைத் திரும்பிப் பார்த்து, "நீ பெருச வச்சதும் ஒரு வகையில நல்லதாப் போச்சு. சின்னத வச்சிருந்தா இப்போ புடிக்கத் துணி ஏது? கண்ணத் தொடச்சிட்டு, போய் வெள்ளத்துணி எடுத்துட்டு வா" என்றார்.

அவர்கள் பொம்மைமேல் வெள்ளைத் துணியில் ஒரு சட்டையைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். நான் இங்கே பிரித்தேன், வலக்கையை ஒடுக்கினேன். இடப்பக்கத்து மடிப்புத் தையலை முழுதாக எடுத்துவிட்டு, கழுத்தைத் தொடாமல், அக்குளுக்குக் கீழ்த் தையலிலிருந்து துணியை இழுக்கவேண்டும் என்று மாஸ்டர் கண்டுபிடித்தார். மலரின் சட்டையைப் படமெடுத்து இருவருக்கும் தெரிய விரித்தோம். அவருடைய சிவப்புக் கோடு அக்குளிலிருந்து இறங்கியது. என் நீலக் கோடு பின்னால் போனது. உள்ளே மெல்லிய பருத்தித் துணியை மூன்று படையாக வைத்துத் தைத்தால், துணி உள்ளே விழாமல் நிற்கும், கொதிக்காது. அது என்னுடைய யோசனை. ஜக்கெற்றுத் தொழிற்சாலையில் அப்படி வைத்துத் தைப்பதைக் கண்டிருக்கிறேன்.

அவர்கள் அன்று வீட்டுக்குப் பிந்தித்தான் போனார்கள். வெள்ளம் வடியட்டும் என்று இருந்ததாக மாஸ்டர் பிறகு சொன்னார்.

அடுத்த காலை மலர் வந்தார். எங்கள் பக்கத்துக் கமெராவை நான் சுவருக்குத் திருப்பி வைத்தேன். சென்னைப் பக்கத்துக் கமெரா பொம்மையையும் மாஸ்டரின் கைகளையும் காட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்க்கலாம், அவர்கள் பார்க்க முடியாது. இப்படி வைக்கச் சொன்னது மாஸ்டர்தான்.

மலர் சட்டையைப் போட்டுக்கொண்டு திரைச்சீலைக்கு வெளியே வந்து, திரையைக் கண்டார். வெள்ளைத் துணிச் சட்டையோடு நின்ற பொம்மையைப் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார்.

"உது நான்தானே அக்கா."

"ஓம்."

"என்னிலும் பார்க்க வடிவா நிக்குது." அவர் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன். பிறகு சிரிப்பு வேறாகிவிட்டது. நான் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

மாஸ்டர்தான் தொண்டையைச் செருமினார். "அம்மா, கைய நல்லா மேல தூக்கிப் பாருங்க. ரெண்டு கையையும். பொண்ணு மாப்பிள்ளைக்கு அட்சதை போடணும்ல. அக்குள்ல புடிக்குதா?"

மலர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். இடக்கை ஏறும்போது முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு ஏறியது. சட்டை இழுக்கவில்லை, மேலே எழும்பவுமில்லை. கண்ணாடியில் இடப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். வலப்பக்கத்தைப் பார்த்தார். திரும்பவும் இடப்பக்கம்.

"பிடிக்கேல்லை அண்ணை" என்றார்.

"அப்போ கல்யாணம் நல்லபடியா நடக்கும்மா."

கலியாணத்துக்கு என்னையும் கூப்பிட்டார். நான் சன நெருக்கத்துக்குப் போகிறவள் இல்லை, போகவில்லை. பலகையில் அந்தக் கார்ட் மட்டும் சிவப்பாகவே நின்றது. சட்டை கொடுத்தாகிவிட்டது, ஆனால் படப் பெட்டிகள் காலியாக இருக்கும்வரை அது மூடாது. காலையில் எல்லாக் கார்ட்டையும் திறக்கும் வாசுகி அதைத் திறக்காமல் தாண்டிப் போய்விடுவார். அளவுகளுக்கு அவர் புதிதாக இரண்டு பெட்டி வைத்தது அந்தக் கிழமைதான். தோள் என்றால் இடம் ஒன்று, வலம் ஒன்று. கை என்றால் இடம் ஒன்று, வலம் ஒன்று. எல்லோருக்கும்தான் வைத்தார். ஏன் என்று குகன் கேட்டதற்கு, "ஆருக்குத்தான் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு?" என்று சொல்லிவிட்டார். இன்னொரு முறையும் போட்டார்: திருத்துகிறவர் திருத்தலாம், ஆனால் ஒரு வரி எழுதிவிட்டுத் திருத்தவேண்டும்.

கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில் மலர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். மணவறை. இடப்பக்கத்திலிருந்து எடுத்த படம். மகளுக்கும் மருமகனுக்கும் மேலே இரண்டு கையையும் உயர்த்தி அறுகரிசி போடுகிறார். அரிசி காற்றில் நிற்கிறது. மஞ்சள் சாறி, அரக்குச் சட்டை. சட்டையைப் பற்றி யோசிக்கிற முகமாக அது இல்லை. மச்சாள் பின்வரிசையில் இருந்து கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கீழே எழுதியிருந்தார்: "அந்தக் கார்டிலை போடுங்கோ அக்கா. வேலை செய்த ஆக்கள் பார்க்கட்டும்."

எனக்குப் படம் ஏற்றப் பழக்கம் உண்டு. ஆனாலும் அன்று அவசரப்பட்டேன். ஒரே படத்தை முன், பக்கம், பின் என்ற மூன்று பெட்டியிலும் போட்டேன். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்து முதல் வேலையாக அந்தக் கார்ட்டைத்தான் திறந்தேன். நான் அவசரத்தில் படத்தைப் பக்கவாட்டில் ஏற்றியிருக்கிறேன்போல. மலர் படுத்துக்கொண்டு அரிசி போடுவதுபோல இருந்திருக்கும். இப்போது நிமிர்ந்து நின்றார். மிச்ச இரண்டு பெட்டியில் ஒன்றில் பொம்மையின் படம் இருந்தது. மாஸ்டர் அதற்குப் பஞ்சு திரும்ப வைக்கவில்லை. மற்றப் பெட்டியில் மாஸ்டரும் பவித்ராவும் பொம்மைக்கு இரண்டு பக்கத்திலும் நின்றார்கள்.

குறிப்புப் பெட்டியில், நான் தட்டித் தடவாமல் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில், ஒரு வரி இருந்தது.

"ஆன்ட்டி, படத்தை நேராக்கிட்டேன். சொல்லிட்டேன்."